ஐந்து விநாடித் தண்டனை

மச்சான்,

நேற்று எனக்கு ஐந்து விநாடி தண்டனை கொடுத்தார்கள். நம்ம ரேஸ் கேமின் புதுப் பாகத்தில்தான். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். முன்னால் போன வெள்ளைக் காரின் பின்பக்கத்தை லேசாகத் தட்டி ஒதுக்கிவிட்டு, அந்த இடைவெளியில் புகுந்து முதலாவதாகக் கோட்டைத் தாண்டினேன். அடுத்த நொடியே திரையின் மேல் மூலையில் சிவப்பு எழுத்து வந்தது. மோதியதற்கு ஐந்து விநாடி. முதலிடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "யாரத் திட்டுற?" என்று கேட்டாள்.

உன் குரல்தான் காதில் விழுந்தது. "அவனும் வண்டி ஓட்றவன் தானே மச்சான்."

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. உயிரோடு இருந்தபோது நாம் எழுதியதெல்லாம் "கெளம்பிட்டியா", "பஸ் வந்துனு கீது" அளவுக்குத்தான். ஆனால் அந்த ஐந்து விநாடியைப் பார்த்ததிலிருந்து அந்தப் பதினோரு நாள் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பதினோரு நாள் என்று உனக்குத் தெரியும்.

முதல் பாகத்திலிருந்து வருகிறேன். காட்டுப்பாக்கத்தில் உன் வீட்டு முன்னறை. உன் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் வாங்கிய, ஜெராக்ஸ் அட்டை போட்ட சிடி. நேராக வைத்தால் சிடியைப் படிக்காது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் படம் வரும். அந்த மாதிரி மெஷினெல்லாம் கவிழ்த்து வைத்துத்தான் ஓட்டுவார்கள் என்று உன் அம்மா கடைசிவரை நம்பினார்கள். நாமும் திருத்தவில்லை.

அந்தப் பாகத்தில் எதில் இடித்தாலும் காருக்கு ஒன்றும் ஆகாது. நான் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். திருப்பத்தில் பிரேக் எதற்கு? வெளிப்பக்கம் போகிற காரின் மேல் சாய்ந்தால் போதும். அவன் மண்ணுக்குள் போவான், நான் வளைந்து வெளியே வருவேன். ஒவ்வொரு ரேஸிலும் முதலிடம். நீ ஒருநாளும் ஒருத்தனையும் தொடமாட்டாய். ஒழுங்காகப் பிரேக் போட்டு, ஒழுங்காக வளைத்து, ஒழுங்காக நாலாவதாக வருவாய்.

"அது கம்ப்யூட்டர்டா. அதுக்கு வலிக்குமா?" என்று நான் சிரிப்பேன்.

"தெரியும் மச்சான். கூட ஓட்றவன் தானே, அதான்."

புதிதாக ஓட்டப் பழகுபவர்கள் வண்டியில் மாட்டும் பலகையை வைத்து, அன்றைக்குத்தான் உனக்கு எல் போர்டு என்று பெயர் வைத்தேன். மூன்றாம் பாகம் வந்து, ஆட்டக்காரர் பெயர் கேட்டபோது, உனக்குப் பதிலாக நானே அதை அடித்துக் கொடுத்தேன். நீ மாற்றவே இல்லை. நீ ஓட்டும்போதெல்லாம் திரையின் இடப்பக்க மேல் மூலையில் 'எல் போர்டு' என்று வரும். நான் ஓட்டினால் என் பெயர் வரும். இந்த மூலை எவ்வளவு பெரிய விஷயமாகப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்றாம் பாகத்தில் இன்னொன்றும் வந்தது. ஓடி முடித்த ரேஸை முழுதாகச் சேமித்துவைத்துத் திரும்பப் பார்க்கலாம். நான் ஜெயித்ததில் நாலைந்தைச் சேமித்தேன். நீ நாலாவதாக, ஐந்தாவதாக வந்ததையெல்லாம் சேமித்து மெமரி கார்டை நிரப்பினாய்.

"நாலாவதா வந்தத எவன்டா சேவ் பண்ணுவான்?"

"நல்லா ஓட்னேன் மச்சான். அதான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிறகு பாகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் இடித்தால் பம்பர் நசுங்கியது. முதன்முதலில் அந்த நசுங்கலைப் பார்த்து நீ ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னாய். இன்னொன்றில் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு ஓட்ட முடிந்தது. அதோடு தண்டனையும் வந்தது. ஒருத்தனை இடித்தால் விநாடி கூடும். "இப்பதான் வழிக்கு வந்தானுங்க" என்று சொன்னாய். உனக்கு முன்னால் போன மூன்று பேரும் இடித்துத் தண்டனை வாங்கியதால் ஒருமுறை நீ முதலிடத்துக்கு வந்துவிட்டாய். சந்தோஷப்படுவாய் என்று பார்த்தால், "இது நான் ஜெயிச்சது இல்ல" என்று கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாய். உன்னோடு விளையாடுவது சில சமயம் ரொம்பக் கடுப்பாக இருக்கும், தெரியுமா.

இதற்கிடையில் நீ ஹெவி லைசென்ஸ் எடுத்து, நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்ட வந்திருந்தாய். அம்பத்தூரில் கிளம்பி, போரூர் வழியாக வந்து, காட்டுப்பாக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி தாண்டிப் போகும் வண்டி. எனக்கு எப்போதும் உன் இடப்பக்கம், இன்ஜின் ஓரத்துச் சீட்டு. நின்றுகொண்டு வருபவர்கள் கம்பியைப் பிடிக்காமல் ஃபோன் பார்த்துக்கொண்டே வருவார்கள். அப்படி ஓட்டுவாய்.

அந்த வீடியோவை எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஸ்டாஃப் பஸ் வாட்ஸாப் குரூப்பில் போடுவதற்கு, நீ கேம் ஓட்டுவதைப் படம் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரம் பிடித்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. நீ யாரையும் இடிக்கவில்லை, யாரையும் முறைக்கவில்லை, நாலாவதாக வந்தாய். இதை யார் பார்ப்பார்கள்? புதுப் பாகத்தில் இடித்தால் தண்டனை என்று, பழைய பெட்டியை எடுத்து மூன்றாம் பாகத்தைப் போட்டேன். நானே ஓட்டி, ஒரு நீலக் காரைச் சுவரோடு சேர்த்து நசுக்கினேன். பிறகு கன்ட்ரோலரை உன் கையில் கொடுத்து, ஏதோ ஜோக் சொல்லி, நீ சிரிக்கிற முகத்தைப் பிடித்தேன். இரண்டையும் ஒட்டினேன். மேலே, 'நம்ம பஸ் டிரைவர் ரேஸில் இறங்கினால்' என்று எழுதினேன்.

நீ பார்த்துவிட்டு, "இது நான் இல்லியே" என்றாய்.

"தமாஷுக்குத்தான்டா."

"சரி போ."

இரண்டு மாதம் கழித்து குமணன்சாவடியில் அது நடந்தது. மெட்ரோ வேலைக்காக இடப்பக்கம் தகரத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கியிருந்த நேரம். காலை ஷிப்ட். பஸ்ஸுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பைக் கூட நுழையமுடியாத இடம். அதில் ஒருவர் பைக்கை நுழைத்தார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. "மச்சான்!" என்று நான் கத்துவதற்கு முன்னாலேயே நீ பிரேக் மிதித்து, வண்டியை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டாய். பஸ் அவரைத் தொடவில்லை. தகரம் தொட்டது. வண்டியோடு விழுந்ததில் அவருக்குக் கால் முறிந்துவிட்டது. நீதான் இறங்கி ஓடி அவரைத் தூக்கினாய்.

நான்காம் நாள், பூந்தமல்லியில் டயர் கடைக்கு மேலே இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்கு நம் இருவரையும் கூப்பிட்டார்கள். உன்னை டிரைவராக, என்னைச் சாட்சியாக. மேசைக்குப் பின்னால் பஸ் ஓனர். பக்கத்தில் விழுந்தவரின் அண்ணன், தண்ணி லாரி ஓட்டுபவர். அவர் கையில் ஃபோன். அதில் என் வீடியோ. குரூப்பிலிருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, அது சுற்றிச் சுற்றி அவரிடம் வந்திருந்தது.

"பாருங்க ஓனரே. இந்தாளு ரேஸ் ஓட்றவன். இவன் கைல பஸ்ஸக் குடுத்துக்கினு கீறீங்க."

ஓனர் வாங்கிப் பார்த்தார். நீலக் கார் சுவரில் நசுங்கியது. உன் முகம் சிரித்தது. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது மச்சான், இடப்பக்க மேல் மூலையில், எறும்பு அளவுக்கு, என் பெயர். யாராவது விரலால் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். பெரிதாக்கிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், அதைத்தான் வேண்டிக்கொண்டேன். ஆறு வருடக் காண்ட்ராக்டுக்குப் பிறகு எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வரவேண்டிய மாதம் அது. ஸ்டாஃப் பஸ் டிரைவரைக் கேலி செய்து பொய் வீடியோ போட்டவன் நான்தான் என்று கம்பெனிக்கு ஒரு ஃபோன் போனால், என் கதை முடிந்தது.

"இது நீதானா?" என்று ஓனர் ஃபோனை உன் பக்கம் திருப்பினார்.

நீ குனிந்து பார்த்தாய். அந்த மூலையைத்தான் பார்த்தாய். எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு நிமிர்ந்து, என் பக்கம் திரும்பாமல், "மூஞ்சி என்னுதுதான் சார்" என்றாய்.

"அப்ப ஓட்னது?"

நீ ஃபோனை மெல்ல ஓனர் பக்கமே தள்ளினாய். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். ஓனர் என்னைப் பார்த்தார், "நீ இன்னா சொல்ற?" என்றார். பைக்கில் வந்தவர்தான் உள்ளே நுழைந்தார், பஸ் தொடவில்லை என்றேன். அதை மட்டும் சொன்னேன். வீடியோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அண்ணன்காரர், "ஃப்ரெண்டு அப்டித்தான் சொல்லுவான்" என்றார். ஓனர் கையை நீட்டினார். நீ சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாய்.

"நான் கூப்பிட்ற வரைக்கும் வராத."

அதிலிருந்து பதினோரு நாள். புது டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் நின்றவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனேன். உன் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். நீ ஃபோன் பண்ணுவாய் என்று பயந்தேன், பண்ணவில்லையே என்றும் பயந்தேன்.

பத்தாம் நாள் என் ஆர்டர் வந்தது. பதினோராம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன்.

உன் மனைவி கதவைத் திறந்தார். "பதினோரு நாளா ஊட்ல குந்திகினு கீறாரு. நீ இப்பத்தான் வர்றியாண்ணா?" என்றார். அந்த 'அண்ணா'வைத் தாங்கமுடியவில்லை. நீ உள்ளே பழைய பெட்டியில் ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தாய். திரும்பாமலே கேட்டாய்.

"ஆர்டர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப சரி. இப்ப சொல்லிடு."

அவ்வளவுதான் சொன்னாய். நீ என்னைத் திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால், நான் பிழைத்திருப்பேன். அந்தப் பெட்டியையும் மெமரி கார்டையும் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன்னையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே டயர் கடை மாடிக்குப் போனேன். தண்ணி லாரிக்காரரையும் வரச்சொல்லும்படி ஓனரைக் கெஞ்சினேன். அவர் வந்ததும், வீடியோவைப் போட்டு, நிறுத்தி, மூலையைப் பெரிதாக்கி, என் பெயரைக் காட்டினேன்.

"ஓட்னது நான் சார். இவன் மூஞ்சிய ஒட்னதும் நான்தான்."

ஓனர் என் பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கி வாய்ல இன்னா வெச்சினு இருந்த?" என்றார். நான் கட்டைப் பையை அவிழ்க்கக் குனிந்தேன்.

"சரி, அது நீ. இவன் எப்டி ஓட்டுவான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அதற்குத்தான் பெட்டி. ஆபீஸ் டிவிக்குப் பின்னால் ஒயரைச் செருகினேன். டிஸ்க்கைப் போட்டேன். படிக்கவில்லை. வெளியே எடுத்து மறுபடி போட்டேன், படிக்கவில்லை. கை வியர்த்து வழுக்கியது. லாரிக்காரர் எழுந்து, "எனக்கு லோடு கீது" என்று செருப்பைத் தேடினார். நான்காவது முறையும் கருப்புத் திரை. அப்போது நீ நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாய். டிஸ்க்கை என்னிடமிருந்து வாங்கி, சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தாய். உள்ளே வைத்து மூடி, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாய். பதற்றத்தில் எனக்கு அது மறந்தேபோயிருந்தது. விர்ரென்று சுற்றியது. படம் வந்தது.

பட்டியல் முழுக்க எல் போர்டு. நாலாவது, நாலாவது, ஐந்தாவது, நாலாவது. ஒன்றைப் போட்டேன். பதினாறு கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போக, நடுவில் உன் கார் மட்டும் யாரையும் தொடாமல் போனது. ஓனர் ஒரு நிமிடத்தில் கொட்டாவி விட்டார். லாரிக்காரர் செருப்பில் ஒரு காலை விட்டபடி நின்று பார்த்தார். மூன்றாம் சுற்றில், ஒரு திருப்பத்தில், இடம் இல்லாத இடத்தில், உன் இடப்பக்கம் ஒரு மஞ்சள் கார் புகுந்தது. நீ வலப்பக்கம் ஒதுங்கினாய். அதற்கு வழி விட்டாய். அது போய்விட்டது, நீ ஐந்தாவதாகிவிட்டாய்.

"இன்னொரு தபா போடு" என்றார் லாரிக்காரர்.

போட்டேன். மூன்று முறை பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"என் தம்பி இப்டித்தான் பூந்திருப்பான். நானே அவனுக்கு எத்தினி தபா சொல்லிகீறேன்." உன் பக்கம் திரும்பி, "நீ ஒதுங்கலன்னா அவன் இன்னிக்கி இல்ல, இன்னா?" என்றார்.

நீ, "கால் எப்டி கீது அவருக்கு?" என்று கேட்டாய்.

ஓனர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துத் தந்தார். எனக்கு மட்டும் தனியாக வசவு கிடைத்தது. அவர் கம்பெனிக்கு ஃபோன் பண்ணவே இல்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி, பழக்கத்தில் பின்னால் போனேன். கண்ணாடியில் பார்த்துக் கூப்பிட்டாய். "இன்னா மச்சான், உன் சீட்டு காலியா கீது." போய் உட்கார்ந்தேன். அதைப் பற்றி நீ பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்காவது பேசத் தோன்றியிருக்க வேண்டும். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று உன் மனைவி ஃபோன் பண்ணியபோது நான் ஓவர்டைமில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

ஒரு காரை லேசாகத் தட்டியதற்கு இந்த கேம் எனக்கு ஐந்து விநாடி போடுகிறது. பதினோரு நாள் உன்னை வீட்டில் உட்காரவைத்ததற்கு எனக்கு யாரும் ஒன்றும் போடவில்லை. நீகூட. நான் பயந்துவிட்டேன் மச்சான். உனக்குத் தெரிந்துதான் இருந்தது, தெரிந்தும் எனக்கு வழி விட்டாய். மன்னித்துவிடு என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே சொல்கிறேன்.

இன்று காலை மறுபடி உட்கார்ந்தேன். அதே பாதை. கடைசிச் சுற்றில் நான் மூன்றாவது. பின்னால் யாரோ ஒருவர், எந்த ஊரோ, என் இடப்பக்கம் மூக்கை நுழைத்தார். இடமே இல்லை. அப்படியே சாய்ந்தால் அவர் சுவருக்குப் போவார். என் இடது கட்டைவிரல் அதற்குத் தயாராகவே இருந்தது. இருபது வருடப் பழக்கம், சும்மா போகுமா. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தி, வலப்பக்கம் ஒதுங்கினேன். அவர் போனார். நான் நாலாவதாக வந்தேன்.

திரையில், இந்த ரேஸைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன். என்ன பெயர் என்று கேட்டது.

எல் போர்டு என்று அடித்தேன்.